பாஞ்சாலியின் நிறம்

ஐந்து வருஷங்களுக்கு முன்பு நமது பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவிற்காகப் பாரதக் கதையிலிருந்து சூதாட்டச் சருக்கத்தை எடுத்து நாடகமாக்கினோம். வசனம் எழுதியவர் நாம்; ஒத்திகை நடத்தியவர் நாம்; இன்னாருக்கு இன்ன வேஷம் என்று தீர்மானித்தவரும் நாமே. ஆகையால் அதில் நேர்ந்த தவறுக்கு வேறு பங்காளிகள் எவரும் இல்லை.

பாஞ்சாலி வேஷத்திற்கு ஏழெட்டுப் பெண்கள் வந்தார்கள். பாஞ்சாலி சபையில் நின்று கேட்கும் கேள்வியை ஒவ்வொருத்தியையும் சொல்லச் சொன்னோம். தம்மை முதலில் தோற்றுவிட்ட ஒருவருக்கு, பிறகு மனைவியைப் பணயம் வைக்க என்ன பாத்தியதை இருக்கிறது என்ற கேள்விதான். பெரும்பாலோர் பாடம் ஒப்பிப்பது போல் ஒப்பித்தார்கள். பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி மட்டும் கேள்வியாகவே கேட்டாள். பெஞ்சுகளை நகர்த்திக் கொண்டிருந்த பணியாள்கூட வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

அந்தப் பெண் நல்ல கறுப்பு.

வேஷத்தை வேறொரு பெண்ணுக்குக் கொடுத்தோம். அவள் சிவந்த நிறம். மேடை விளக்கில் எடுப்பாக இருப்பாள் என்று நமக்கு நாமே காரணம் சொல்லிக் கொண்டோம். கறுத்த பெண்ணுக்கு ஒன்றும் இல்லையென்று விட்டுவிடவும் மனம் வரவில்லை. "உனக்குக் குரல் நன்றாக இருக்கிறது, திரைக்குப் பின்னால் நின்று கதையைச் சொல்" என்றோம். அதை ஒரு மரியாதையாகவே நினைத்துச் சொன்னோம். தலைமை ஆசிரியர் ஆட்சேபிக்கவில்லை. பெற்றோர் ஒருவரும் கேட்கவில்லை. அந்தப் பெண்ணும் "சரி, ஸார்" என்று சொல்லிவிட்டுப் போனாள். நாடகம் மிகவும் நன்றாக நடந்ததென்று எல்லோரும் பாராட்டினார்கள்.

பாஞ்சாலிக்குக் கிருஷ்ணை என்று ஒரு பெயர் உண்டு. கறுத்தவள் என்பது அதன் பொருள். வேள்வித் தீயிலிருந்து அவள் தோன்றியபோது கரிய மேனியும் ஈடற்ற அழகும் உடையவளாய்த் தோன்றினாள் என்று வியாச பாரதம் கூறுகிறது. இது நமக்குத் தெரியாத விஷயம் அல்ல. பட்டப் படிப்புக்காக நாம் பாரதத்தை ஓரளவு படித்தவர்களே. வகுப்பிலே இந்தப் பெயருக்கு அர்த்தம் சொல்லிக் கொடுத்தவர்களே. தெரிந்திருந்தும் ஆள் பொறுக்கிய அந்த ஒரு நிமிஷத்தில் அது நம் நினைவுக்கு வரவில்லை. நேயர்களுக்கு இந்த விஷயத்தை இன்று எழுதத் தூண்டியது அந்த மறதிதான்.

தமிழர்களாகிய நாம் வெளுத்த மேனியுடையவரை "வெள்ளை" என்று சொல்லுவதில்லை, "சிவப்பு" என்கிறோம். கறுப்புக்கும் சிவப்புக்கும் நடுவே "மாநிறம்" என்றும் "பொது நிறம்" என்றும் படிகள் வைத்திருக்கிறோம். நம் முன்னோர் வைத்திருந்த கணக்கே வேறு. சங்கப் புலவர்கள் பெண்ணின் மேனியைப் புகழும்போது "மாமை" என்ற சொல்லை வழங்கினார்கள். மாந்தளிரின் நிறம் என்று உரைகாரர்கள் பொருள் எழுதியிருக்கிறார்கள். மாமரம் துளிர் விடும் பருவத்தில் பார்த்தவர்களுக்கு அந்த நிறம் தெரியும்: கருமையும் செம்மையும் கலந்த ஒரு பளபளப்பு. அந்த மாமை போய் மேனி வெளிறிப் போவதற்குப் "பசலை" என்று பெயர். தலைவன் பிரிந்த துயரத்தால் தலைவியின் உடம்பில் படருகிற நோய் அது. திருக்குறளில் அதற்கென்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. பழந்தமிழ்த் தாய் ஒருத்தி தன் மகள் வெளுத்துப் போவதைக் கண்டால் கவலையால் உருகுவாள். இன்றைய தாய் அதே காட்சியைக் கண்டால் எந்தக் களிம்பு பூசினாய் என்று விசாரிப்பாள்!

தெய்வங்களின் கதையும் இதுதான். திருமாலும் கண்ணனும் காளியும் கரிய நிறத்தவர். கோயிலில் கருங்கல் மூர்த்திக்கு எண்ணெய்க் காப்பிட்டு, அந்தக் கருமையைக் கண்குளிரத் தரிசிக்கிறோம். வீட்டுச் சுவரில் மாட்டும் படத்திலோ கண்ணன் நீலமாகிவிட்டான். மற்றத் தேவியர் ரோஜாப்பூ நிறம் அடைந்துவிட்டார்கள். ராஜா ரவிவர்மா 1894-ஆம் வருஷத்தில் பம்பாய்ப் பக்கத்தில் அச்சுக்கூடம் வைத்து அடித்த வர்ணப் படங்கள் நாடெங்கும் பரவின. சித்திரத்தின் நயத்தைப் பற்றி நாம் ஒரு குறையும் சொல்ல வரவில்லை. ஆனால் அந்தப் படங்களைப் பார்த்து வளர்ந்த கண்களுக்குத் தெய்வத்தின் நிறம் என்றால் வெளுப்பு என்றே பதிந்து போயிருக்க வேண்டும். அதே காலத்தில் இங்கிலாந்தில் ஒரு பிரசித்தமான ஸோப் கம்பெனி, கறுத்த குழந்தை ஒன்றைத் தொட்டியில் குளிப்பாட்டி வெள்ளைக் குழந்தையாக எடுப்பது போல் விளம்பரம் போட்டது. எனவே வெள்ளைக்காரன் மேல் கொஞ்சம் பழியைப் போடலாம். அவனுக்குப் பங்கு உண்டு. ஆயினும் அவன் 1947-லேயே கப்பல் ஏறிப் போய்விட்டான். குழந்தை பிறந்தவுடன் தொட்டிலருகே குனிந்து அதன் காது நுனியைத் திருப்பிப் பார்த்து, "இப்போது சிவப்பாகத் தெரிகிறது, பின்னால் கறுத்துவிடும்" என்று ஜோசியம் சொல்லுகிறவர் நம் வீட்டு அத்தைப் பாட்டியே அல்லவா?

குழந்தை பிறப்பதற்கு முன்பே ஆரம்பமாகிறது இந்த விசாரம். கர்ப்பவதிக்குப் பாலில் குங்குமப்பூ போட்டுக் கொடுக்கிறோம். குங்குமப்பூவுக்கு நல்ல வாசனை உண்டு, நல்ல விலையும் உண்டு. வயிற்றில் உள்ள குழந்தையின் நிறத்தை மாற்றும் சக்தி மாத்திரம் கிடையாது. பிறகு பயத்தம் மாவு, கடலை மாவு, கஸ்தூரி மஞ்சள். இவை உடம்புக்கு நல்லவையே. ஆனால் அவற்றைத் தேய்க்கும்போது அழுக்குப் போகவேண்டும் என்று தேய்க்கிறோமா, நிறம் போகவேண்டும் என்று தேய்க்கிறோமா? குழந்தைக்கு அந்த வித்தியாசம் தெரிந்துவிடுகிறது. ஐந்து வயதில் அண்ணனும் தங்கையும் வெயிலில் ஓடுகிறார்கள். "உள்ளே வா, கறுத்துப் போவாய்" என்று கூப்பிடுவது தங்கையை மட்டுந்தான்.

சருமத்தின் நிறத்தைப் பற்றி சாஸ்திரம் சொல்லுவது மிகவும் எளிது. நமது மேல்தோலின் அடியில் மெலனின் என்னும் நிறப்பொருளை உண்டாக்கும் அணுக்கள் இருக்கின்றன. கறுத்தவருக்கும் வெளுத்தவருக்கும் இந்த அணுக்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றே. அவை உண்டாக்கும் மெலனின் எவ்வளவு, எவ்வகை, எவ்வாறு தோலில் பரவுகிறது என்பதில்தான் வித்தியாசம். அதிக வெயில் உள்ள தேசங்களில் அது குடையாகப் பயன்படுகிறது. கறுப்பு என்பது தோல் செய்யும் ஓர் உத்தியோகம். அந்த உத்தியோகத்திலிருந்து தோலை விலக்கிவிடத்தான் நாம் காசு கொடுக்கிறோம்.

காசு என்றதும் வியாபாரி வந்துவிடுகிறார். 1975-ஆம் வருஷத்தில் ஹிந்துஸ்தான் லீவர் கம்பெனி "ஃபேர் அண்டு லவ்லி" என்னும் களிம்பை இந்தியாவில் விற்க ஆரம்பித்தது. அதன் விளம்பரக் கதைகளை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கறுத்த பெண் தலை குனிந்து நிற்பாள், உத்தியோகம் கிடைக்காது, வரன் வராது. சில வாரங்கள் களிம்பு பூசுவாள், முகம் வெளுக்கும், உத்தியோகமும் வரனும் போட்டி போட்டுக்கொண்டு வரும். நம் வீடுகளில் அதற்கு முன்பே நூறு தடவை சொல்லப்பட்டிருந்த கதையை வியாபாரி படமாக எடுத்துக் காட்டினார், அவ்வளவுதான். நாமும் அதை ஒரு புதுமையாக நினைக்காமல் பார்த்துக் கொண்டிருந்தோம்.

முப்பது வருஷம் ஸ்திரீகளிடம் விற்ற பிறகு, வீட்டில் இன்னொரு பாதிப் பேர் இருக்கிறார்கள் என்பது வியாபாரிகளுக்கு நினைவு வந்தது. அக்காளின் களிம்பைத் தம்பிமார் ரகசியமாக எடுத்துப் பூசிக்கொள்கிறார்கள் என்பதையும் கண்டுகொண்டார்கள். 2005-ஆம் வருஷத்தில் இமாமி கம்பெனி புருஷர்களுக்கென்று "ஃபேர் அண்டு ஹாண்ட்ஸம்" என்ற களிம்பைக் கொண்டுவந்தது. சினிமா நட்சத்திரங்கள் வந்து சிபாரிசு செய்தார்கள். பெண்களுக்கு இருந்த கவலையை இவ்வளவு சமத்துவமாக ஆண்களுக்கும் பங்கிட்டுக் கொடுத்த சீர்திருத்தம் வேறொன்றை நாம் கண்டதில்லை.

நமது வகுப்பிலேயே ஒரு பையன் இருந்தான். பதினாறு வயது, கணக்கில் கெட்டிக்காரன். திடீரென்று நல்ல வெளுப்பானான். பத்து நாளில் அவனுக்கு வந்த பெருமையைப் பார்த்து மற்றப் பையன்கள் மருந்தின் பெயரைக் கேட்டு நச்சரித்தார்கள். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் கன்னம் இரண்டும் ரத்தச் சிவப்பு. மெல்லிய ரத்தக் குழாய்கள் கோடு கோடாகத் தெரிந்தன. முகம் முழுவதும் கொப்புளம். வெயிலில் நின்று பிரார்த்தனை பாட முடியாமல் நிழலுக்கு ஓடினான். மருந்துக் கடையில் ஏதோ ஒரு டியூப் கேட்டு வாங்கினானாம். தோல் வைத்தியர் பார்த்துவிட்டு, படைக்கும் சொறிக்கும் சில நாள் மட்டும் போட வேண்டிய ஸ்டீராய்டு மருந்து என்றார். முதலில் அது நிறத்தை வெளுக்கச் செய்யும். பிறகு தோலை மெலியச் செய்யும். நிறுத்தினாலோ முன்னிலும் அதிகமாகச் சிவந்து எரியும். எரிச்சலுக்குப் பயந்து மறுபடியும் அதையே பூசுவார்கள். இப்படிப்பட்ட பல களிம்புகளை வைத்தியர் சீட்டு இல்லாமல் விற்கலாகாது என்று மத்திய சர்க்கார் 2018-ஆம் வருஷத்தில் உத்தரவு போட்டிருக்கிறார்கள். உத்தரவு இருக்கிறது, டியூபும் கிடைக்கிறது. பையனுக்குக் குணமாக ஏழெட்டு மாதம் ஆயிற்று. அந்த வருஷம் கணக்கிலும் அவன் பின்தங்கினான். முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டு கரும்பலகையைப் பார்ப்பது சுலபமல்ல.

அவன் தப்பித்தான் என்றே சொல்ல வேண்டும். முத்திரையும் முகவரியும் இல்லாமல் விற்கும் சில களிம்புகளில் பாதரசம் இருக்கிறது. பாதரசம் மெலனின் உண்டாவதைத் தடுக்கும். ஆகவே நிறம் வெளுக்கத்தான் செய்யும். தோல் வழியாக உள்ளே போன பாதரசம் சிறுநீரகத்தைத் தாக்கும். கேரளத்தில் 2021-க்கும் 2023-க்கும் இடையில் சிறுநீரில் புரதம் இறங்கும் ஒருவகை நோயுடன் பலர் வந்ததைக் கண்டு வைத்தியர்கள் துருவி விசாரித்தபோது, அவர்களில் பெரும்பாலோர் நிறம் வெளுக்கும் களிம்பு பூசியவர்கள் என்று தெரியவந்தது. களிம்பை நிறுத்தியதும் பலருக்கு நோய் தணிந்தது. முகத்தைப் பார்க்கிறவர்கள் சிறுநீரகத்தைப் பார்ப்பதில்லை என்பது வியாபாரிக்கு எவ்வளவு சௌகரியம்!

புருஷர்களுக்கு நிறம் ஒன்றோடு கவலை நின்றுவிடவில்லை. உயரம் போதாது, மார்பு அகலம் போதாது, மீசை அடர்த்தி போதாது. எல்லாவற்றுக்கும் மேலாகத் தலைமயிர். முப்பது வயதுக்குள் நெற்றி ஏறிவிட்ட வாலிபனுக்குப் பெண் வீட்டார் புகைப்படத்தைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். ஒரு வித்தியாசத்தை மட்டும் இங்கே சொல்ல வேண்டும். பெண்பிள்ளை வருத்தத்தைத் தாயிடமாவது தோழியிடமாவது சொல்லி அழுவாள். ஆண்பிள்ளை கேலியில் தானும் சேர்ந்து சிரிப்பான். "சொட்டை" என்று யாராவது கூப்பிட்டால் தானே திரும்பிப் பார்ப்பான். பிறகு தனியே எங்கேயோ போய் எதையோ செய்துகொள்வான். 2016-ஆம் வருஷத்தில் சென்னையில் வைத்தியம் படித்துக்கொண்டிருந்த ஒரு வாலிபர் தலைமயிர் நடும் சிகிச்சைக்குப் போய் உயிரை இழந்தார். அந்தச் சிகிச்சை நடந்த இடத்துக்கு அதற்குரிய அனுமதி இல்லை என்று பிறகு தெரிந்தது. மருந்தும் சஸ்திரமும் படித்தவருக்கே அந்த விசாரம் அவ்வளவு பலமாக இருந்தது என்றால், நமது பதினோராம் வகுப்புப் பையன்களைப் பற்றி என்ன சொல்வது?

தமிழ் சினிமாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. கறுத்த கதாநாயகனை நம் ஜனங்கள் தலைமேல் தூக்கி வைத்துக் கொண்டாடியிருக்கிறார்கள். அதில் நமக்குப் பெருமைதான். ஆனால் அவனுக்கு ஜோடியாக வருகிறவள் வடக்கேயிருந்து வரவேண்டும். 2007-ஆம் வருஷத்தில் வெளிவந்த "சிவாஜி" படத்தில் கதாநாயகன் தன் நிறத்தை வெளுக்கச் செய்யப் படாத பாடு படுவதாக வேடிக்கைக் காட்சிகள் உண்டு. அதே படத்தில் அடுத்த வீட்டுப் பெண்கள் இருவருக்கு முகத்தில் கரியைப் பூசிக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்; அவர்களைக் கண்டதும் கொட்டகை சிரிக்க வேண்டும். அந்த இருவருக்கும் வைத்த பெயர்கள் அங்கவை, சங்கவை! பாரி வள்ளலின் புதல்வியர் என்று நாம் பாடம் நடத்தும் பெயர்கள். படம் வந்த பிறகு சில காலம் வகுப்பில் அந்தப் பெயர்களைச் சொன்னால் சிரிப்பு எழுந்தது. சிரித்த குழந்தைகள் யாரைப் பார்த்துச் சிரித்தார்கள் என்பதையும் நாம் கவனித்தோம். கடைசி பெஞ்சில் இருந்த ஒரு பெண் புத்தகத்திலிருந்து தலையை எடுக்கவே இல்லை.

மாறுதல் ஒன்றும் இல்லையென்று சொன்னால் அது நியாயமாகாது. சென்னையில் 2009-ஆம் வருஷத்தில் "விமன் ஆஃப் வொர்த்" என்ற ஸ்தாபனம் கறுப்பும் அழகே என்று ஓர் இயக்கம் ஆரம்பித்தது. நடிகை நந்திதா தாஸ் 2013-இல் அதற்கு ஆதரவாக முன்வந்தார். கறுத்தவர்களை அழகற்றவர்களாகவும் துக்கப்படுகிறவர்களாகவும் காட்டலாகாது என்று விளம்பரக்காரர்களின் சங்கம் 2014-இல் தனக்குத் தானே விதி செய்துகொண்டது. 2019-இல் நடிகை சாய் பல்லவி இத்தகைய களிம்பு விளம்பரம் ஒன்றில் நடிக்க மறுத்தார். 2020-இல் விவாகத் தகவல் நிலையமான ஷாதி டாட் காம், வரன் தேடுகிறவர்கள் நிறத்தின் படியைக் குறிப்பிட்டுத் தேடும் வசதியை எடுத்துவிட்டது. அதே வருஷத்தில் "ஃபேர் அண்டு லவ்லி"யும் பெயரிலிருந்து "ஃபேர்" என்பதைக் கழற்றி எறிந்துவிட்டு "க்ளோ அண்டு லவ்லி" ஆயிற்று. வெளுப்பு என்று சொல்லக்கூடாது. பிரகாசம் என்று சொல்லலாம். நமது அத்தைமார்களும் இப்போதெல்லாம் "கறுப்பு" என்று சொல்லுவதில்லை. "பெண் நல்ல லட்சணம், நிறந்தான் கொஞ்சம்..." என்று இழுத்து நிறுத்திவிடுகிறார்கள். மிச்சத்தை அந்தப் பெண் தானே பூர்த்தி செய்துகொள்கிறாள்.

நமது பள்ளிக்கூடத்தில் என்ன செய்கிறோம் என்று நேயர்கள் கேட்கலாம். பெரிதாக ஒன்றும் இல்லை. ஆசிரியர் அறையில் ஒரு நாள் உட்கார்ந்து, நாங்களே பிள்ளைகளை எந்த எந்தப் பெயரிட்டு அழைக்கிறோம் என்று ஒரு ஜாபிதா எடுத்தோம். ஒல்லி, குண்டு, நெட்டை, கறுப்பி, பல்லன். ஒரே பெயருள்ள இரண்டு மாணவர்கள் இருந்தால் "கறுப்பு ராஜா, சிவப்பு ராஜா" என்று பிரித்திருந்தோம். இனிஷியல் எதற்காக இருக்கிறது என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை! அன்பாகத்தானே கூப்பிடுகிறோம் என்று ஒரு மூத்த ஆசிரியை வருத்தப்பட்டார்கள். அன்பாகத்தான், அதை நாம் மறுக்கவில்லை. மறுநாள் முதல் நிறுத்திப் பார்த்தோம். பழக்கம் விட ஒரு பருவம் ஆயிற்று. இன்னும் முழுவதும் விட்டபாடில்லை.

ஆண்டு விழாப் படம் ஆசிரியர் அறைச் சுவரில் மாட்டியிருக்கிறது. நடுவில் பாஞ்சாலி, இரு பக்கமும் பாண்டவர்கள், கௌரவர்கள். திரைக்குப் பின்னால் நின்று கதை சொன்ன பெண்ணையும் கடைசியில் கூப்பிட்டு ஓரத்தில் நிறுத்தினோம். சட்டம் போட்டவர் படத்தைக் கொஞ்சம் நறுக்கிவிட்டபடியால் அவளுடைய ஒரு தோள் வெளியே போய்விட்டது.

சென்ற ஆனி மாதத்தில் அவள் ஏதோ சான்றிதழின் நகல் வாங்குவதற்காக வந்தாள். இப்போது கல்லூரியில் கடைசி வருஷம். வணக்கம் சொல்லிவிட்டு, குமாஸ்தா கூப்பிடும் வரையில் நின்றுகொண்டே அந்தப் படத்தைப் பார்த்தாள். ஐந்து வருஷமாக நம் மனத்தில் இருந்ததைச் சொல்லிவிட இதுதான் சமயம் என்று தோன்றியது.

"அம்மா, அன்றைக்குப் பாஞ்சாலி வேஷம் உனக்குத்தான் கொடுத்திருக்க வேண்டும்" என்றோம்.

அவள் படத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, "எனக்கு அப்பொழுதே தெரியும், ஸார்" என்றாள்.

குமாஸ்தா கூப்பிட்டார். போய்விட்டாள்.